பெரியவளின் மகள்கள்

மே 6

தோட்டக்காரர் மறுபடியும் போனில் கூப்பிட்டார். போன மாதம் எங்களிடம் வாங்கிய ராணித் தேனீக்கள் ஒன்றுவிடாமல் ஆண் தேனீக்களாகவே ஈன்று தள்ளுகின்றனவாம்.

"வேலைக்காரி ஒருத்திகூட இல்லைங்க. கூடு முழுக்க மாப்பிள்ளைங்கதான். உக்காந்து தின்னுக்கிட்டிருக்காங்க."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ராணி இளமையில் சில நாட்கள் மட்டும் பறந்துபோய்க் கூடிவிட்டு வருகிறாள். அந்த விந்தை வயிற்றுப் பையில் வைத்து ஆயுள் முழுக்கச் செலவழிக்கிறாள். விந்து சேர்ந்த முட்டை வேலைக்காரியாகும், சேராதது ஆணாகும். பை வற்றினால் கூடு செத்தது.

மே 8

இன்னும் இரண்டு பேரிடமிருந்து அதே புகார். பெயர் போயிற்று.

பெரியவள்தான் எங்கள் தாய் ராணி. விற்பதெல்லாம் அவள் மகள்கள். கொட்டாத, நோய் தாங்கும் வம்சம். நானும் தம்பியும் வருடக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது.

"அவகிட்டயே கோளாறுக்கா," என்கிறான் தம்பி. அவளிடமா?

மே 11

புதிதாக அனுப்பிய ராணிகளைத் தோட்டக்காரர் வாங்கவில்லை. கூண்டைத் திறக்காமலே அவர் ஊர் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டார். ஆய்வகத்துப் பெண் பேசினாள்.

"பை நிறைய விந்து இருக்கும்மா. ஆனா எல்லாம் செத்துக் கிடக்கு. ஏன்னு பாக்கணும், கொஞ்சம் பொறுங்க."

கூடியிருக்கிறார்கள், ஆனால் காப்பாற்றி வைக்கத் தெரியாத பை. பிறவிக் கோளாறு. வேறென்ன?

மே 12

பெரியவளைக் கொன்றேன். தலையைக் கட்டைவிரலால் நசுக்கினேன். வீட்டிலிருந்த மகள்களையும். எல்லாக் கூட்டுக்கும் வெளியிலிருந்து வாங்கிய ராணி.

மே 21

ஆய்வகத்துப் பெண் கூப்பிட்டாள்.

"சூடு பட்டிருக்கும்மா. ராணியோட உடம்புல வெப்ப அதிர்ச்சிப் புரதம் எக்கச்சக்கமா இருக்கு."

அப்படியென்றால் என்ன என்றேன்.

"சூடு ஏறினா செல்லுக்குள்ள புரதமெல்லாம் மடிப்புக் கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சட்டியில முட்டை வெள்ளை கெட்டியாகுதுல்ல, அந்த மாதிரி. உடனே செல் மத்த வேலையைப் போட்டுட்டு இந்தப் புரதத்தைத்தான் செய்யும். இது கலைஞ்சதைத் தாங்கிப் பிடிச்சு, மறுபடி மடிச்சு விடும்."

"அப்போ பிழைச்சிருக்கணுமே?"

"ராணி பிழைச்சுட்டாளே! நல்லாத்தான் நடக்கறா, முட்டை வைக்கறா. விந்துக்குத்தான் அந்தப் புரதத்தைப் புதுசா செஞ்சுக்க வழியில்ல. அது போயிடுச்சு."

"வம்சக் கோளாறு இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. நாப்பது டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சா எந்த ராணிக்கும் இதே கதிதான்."

போனை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கூடுகளுக்கு ஓடினேன். பெரியவள் வைத்த முட்டை ஒன்று, ஒரே ஒன்று இருந்தால்கூட ராணியாக வளர்த்துவிடலாம். எல்லாம் புழுவாகி, அறைகளுக்கு மெழுகு மூடி விழுந்து, வேலைக்காரிகளாகவே முடிவாகிவிட்டன. ஒன்பது நாள் ஆகிவிட்டதே. என்ன செஞ்சு வெச்சிருக்கேன்? அந்தப் பொண்ணு பொறுக்கத்தானே சொன்னா?

மே 22

ராணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பியின் வேனில் வெப்பமானியோடு ஏறினேன். மார்ச்சில் வாங்கிய வேன், முகப்புக் கண்ணாடி பெரிது. ராணிக் கூண்டுகளை அதன் கீழேதான் வைப்பானாம், கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று. பக்கத்துக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டான். நகரைத் தாண்டுவதற்குள் நாற்பத்து மூன்று டிகிரி.

"ஏன்டா எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கே?"

"காத்து பட்டு விறைச்சிடக் கூடாதுன்னுதான்." சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான், முதுகில் வியர்வை ஓடியது. "நான் வெந்துபோயிதான்க்கா ஒவ்வொரு தடவையும் போய்ச் சேருவேன். அதுங்களுக்காகத்தானே."

வெப்பமானியைக் காட்டினேன். ஆய்வகம் சொன்னதைச் சொன்னேன். ஓரமாக நிறுத்தினான்.

"அப்போ பெரியவ?" என்றான்.

குளிருக்குப் பயந்தே பிழைப்பு நடத்தியவர்கள் நாங்கள். சூட்டைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

மே 23

ஒன்றும் எழுத ஓடவில்லை. போன வருட மகள்கள் யாரிடமாவது இருப்பார்களா என்று வாங்கியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டேன். வருடா வருடம் ராணியை மாற்றுகிறவர்கள். ஒருவரிடமும் இல்லை.

மே 25

தோட்டக்காரரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசு, திட்டவில்லை.

"விடுங்கம்மா. இந்த மாப்பிள்ளைக் கூட்டத்தை இன்னைக்கே கொளுத்திடறேன். வேற ராணி குடுங்க."

"கொளுத்தாதீங்க!"

கத்தியே விட்டேன். அடுப்படியிலிருந்து தம்பி ஓடி வந்தான். விந்து சேராத முட்டையிலிருந்து வருகிறவன் ஆண். அவனுக்கு அப்பன் கிடையாது, உடம்பெல்லாம் தாய் வழி மட்டும். வெந்தது பையிலிருந்த விந்துதான், அந்த ராணிகளின் முட்டை இல்லையே!

தம்பிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு வேன் சாவியை எடுத்தான்.

ஜூன் 3

மூன்று நடையில் மாப்பிள்ளைக் கூடுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. "காசு குடுத்து, கெட்டதாப் பாத்துத் தேடி எடுத்துட்டுப் போறவரை இப்பத்தான் பாக்கறேன்," என்றாராம் தோட்டக்காரர்.

மதியம் தோட்டத்து மூலையில் கூடுகளைத் திறந்து வைத்தோம். வாங்கிய கன்னி ராணிகள் நாளையோ மறுநாளோ பறந்து இந்த ஆண்களோடு கூடும். பாதி இரத்தமாவது மீளும்.

ஆண் தேனீக்கள் கனத்த இரைச்சலோடு வெளியே வந்தன. தம்பி முகமூடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனையும் பெரியவளின் பேரன்கள்.