ஐந்து மூடிகள்

மார்ச் 3, செவ்வாய்
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் சரி.

அப்பாவின் கார் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அதன் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் இன்று அதற்குள் சுழலும் தண்டை, கிராங்கை, கழற்றினான். அதைத் தாங்கும் மூடிகள் ஐந்து. பார்த்தால் ஒரே அச்சு. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டான்.

"இடம் மாறிச்சுன்னா கதை முடிஞ்சுது, புரொபசர்."

படிக்கிறேன் என்று எனக்கு அந்தப் பட்டம்.

மார்ச் 5
மூடிகளை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டேன். பளபளப்பு! எண்கள் போய்விட்டன, ஆனால் வரிசை எனக்கு மனப்பாடம். மூன்றாவதும் நான்காவதும் – சரிதான். சரிதானே?

மார்ச் 7
கிராங்கைத் தேய்த்து வாங்க அண்ணனோடு லேத் பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரருக்கு ஒரு விரல் பாதிதான்.

"ஜடையைச் சுருட்டிக் கட்டும்மா. இது ஆள் பாக்காது, அப்படியே இழுத்துக்கும்."

பிறகு அண்ணனைப் பார்த்தார். "கன்னத்துல என்னடா?"

"கதவு இடிச்சுது."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலா?"

அண்ணன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 10
அப்பா மூடிகளைப் பூட்டி முறுக்கினார். கிராங்க் இறுகிப்போய்ச் சுழலவே இல்லை.

"மூடில எவன்டா கை வச்சது?"

நான் வாசலில்தான் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்."

ஃபேன் பெல்ட்டால் அடித்தார். விழுந்ததும் உதைத்தார். பதினொன்று. எனக்கு எண்ணத் தெரிந்தது, வாய் திறக்கத் தெரியவில்லை. சீ.

மார்ச் 11
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13
லேத்துக்காரர் அண்ணனிடம் சொல்லிவிட்டார்: எது எங்கே என்று இனித் தெரியாது, மூடிகளை இழைத்துப் பூட்டி, ஐந்தையும் ஒரே நேராகத் துளைக்க வேண்டும். ஒரு வாரம் ஆகும்.

"அப்பாகிட்ட உளறித் தொலைக்காத," என்றான் அண்ணன். "என் முதுகு பழகிடுச்சு."

மார்ச் 14, சனி
சித்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு வாரம் என்று கேட்டதும் அப்பா சுத்தியலை எடுத்தார். நான் கொட்டகைக்குள் ஓடினேன். "கழுவினது நான்ப்பா! அண்ணன் இல்லப்பா!"

உண்மை தெரிந்தால் கை இறங்கும் என்று நம்பினேன்.

"அப்ப பொய் வேற சொன்னியாடா?"

சுத்தியல் பிடி அண்ணன் தோளில் இறங்கியது. அடுத்து எனக்கு ஓர் அறை. உதடு கிழிந்தது. மூடிக்கு அடி, பொய்க்கு அடி, உண்மைக்கும் அடி. மூடி மாறாமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது மாறியிருக்கும்.

அம்மா ஜாக்கிக் கம்பியோடு வந்தாள்.

"புள்ளைங்கள விடுங்க."

"என்னடி, நீயும் மெக்கானிக் ஆயிட்டியா?"

சிரித்துக்கொண்டே மறுபடி ஓங்கினார். அம்மா அந்த மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. அப்பா இன்ஜின்மேல் சாய்ந்து அலறினார். அண்ணன் அவரைப் பிடிக்கப் போனான் – பாவி, அப்போதும் போனான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

எங்களை வெளியே தள்ளி, அப்பாவை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். சாவியைப் பூட்டிலேயே விட்டாள். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் அவளே போன் செய்தாள்.

பை எடுத்துக்கொண்டு கொட்டகையைத் தாண்டும்போது, எந்த அறையை விட்டுப் போனாலும் செய்வதுபோல, அவள் கை தானாக வெளிச்சுவரில் இருந்த கொட்டகை விளக்கின் சுவிட்சுக்குப் போனது.

விளக்கை அணைத்தாள்.