அம்மணி என்று பெயரிட்ட சத்தம்

அண்ணா,

உங்கள் பெட்டி என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதன் திருகைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எந்தக் கல்யாணத்துச் சந்தனமோ, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து வாசம் வருகிறது. வாசம் வந்த கையோடு எனக்கு எரிச்சலும் வருகிறது. நீங்கள் போய் நாற்பது நாளாகிவிட்டது. போனவரை நினைத்தால் கண்ணீர் வரவேண்டும். எனக்கோ இந்தச் சனியனைப் பார்த்தால் வாயில் வசவுதான் வருகிறது.

அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. ஊட்டுல இதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகுதுங்க" என்றார். கிதார்க்காரர்கள் இதை ப்ராசஸர் என்பார்கள். நீங்கள் எனக்குக் கிதார் வாசித்த பதினோரு வருடமும் நான் பெட்டி என்றுதான் சொன்னேன், இனியும் அப்படித்தான் சொல்வேன். கிதாரின் ஒயர் ஒருபக்கம் உள்ளே போகும், மறுபக்கம் ஸ்பீக்கருக்கு வரும். நடுவில் இது சத்தத்தைப் பிடித்து எதிரொலி சேர்க்கும், கரகரப்பு சேர்க்கும், இழுக்கும், நசுக்கும். ஒரு பாட்டுக்காரியிடம் இதைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. நம் கச்சேரி ட்ரூப் ஓனர் அந்தப் பாட்டைப் பட்டியலில் போட்டுவிட்டார். எந்தப் பாட்டு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முதலில் கிதார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வரும், அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் உள்ளே இறங்குவேன். நீங்கள் போனபிறகு அதுவரை அதை நான் பாடவே இல்லை. பாடினால் உங்கள் கிதாரின் அந்தச் சத்தத்தோடுதான் பாடுவேன் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். அது இந்தப் பெட்டிக்குள் எங்கோ இருக்கிறது, தேடி எடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

தேடி எடுக்கிறதாம்! கருமம். தீப்பெட்டி அளவு கண்ணாடியில் எறும்பு எழுத்து. திருகைத் திருப்பினால் ஒரு பக்கம், அமுக்கினால் அதற்குள் இன்னொரு பக்கம், அதற்குள் இன்னும் நாலு. வெளியே வரலாம் என்றால் எதை அமுக்குவது என்று தெரியாது. தாலுக்கா ஆபீசில் இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல் என்பார்களே, அதே கதை. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் சத்தமே போய்விடுகிறது. ஒன்றைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளேயிருந்து டிரம்ஸ் அடிக்க ஆரம்பிக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன், தூக்கிவாரிப் போட்டது. அதை நிறுத்த வழி தெரியாமல் கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். த்தூ! இதைச் செய்தவன் ஒருநாளாவது மேடையில் நின்றிருப்பானா? ஆயிரம் பேர் வாய்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாடுகிறவள் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரியுமா?

உங்களையும் அப்படித்தான் திட்டினேன். ஒவ்வொரு கச்சேரியிலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நீங்கள் குனிந்து உட்கார்ந்துவிடுவீர்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவீர்கள், இறக்குவீர்கள். ஓனருக்கு எல்லாப் பாட்டிலும் எதிரொலி வேண்டும், ஜிலுஜிலுப்பு வேண்டும். எனக்கு அது தகரக் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிறமாதிரி இருக்கும். "என்னங்ணா இது சத்தம், கேட்டா வாந்தி வருது. மாத்துங்க" என்பேன். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆகட்டுங்க அம்மணி" என்று குனிவீர்கள். கொஞ்ச நேரம் திருகுவீர்கள். எழுந்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவீர்கள். அது மட்டும் எப்போதும் சரியாக இருக்கும். தண்ணீர் மாதிரித் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறமாதிரி. "இப்பத்தான் சரி" என்பேன்.

தாராபுரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அதுதான் நாம் சேர்ந்து மேடையேறிய கடைசி இடம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். பட்டப்பகல் கச்சேரி, பந்தலின் ஓரத்தில் மேடை, வெயில் நேராகப் பெட்டியின்மேல். கண்ணாடியில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க, அவரு உள்ள பாம்பு கீம்பு புடிக்கறாருங்களா?" பந்தலே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மைக்கைத் தள்ளிப்பிடித்துக்கொண்டு உங்கள் துண்டின் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "வாசிக்கறது பொட்டிதானுங். நீங்க சும்மா அதுக்குக் காவல் நிக்கறீங்க."

உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது. "இருங்க அம்மணி, சரி பண்ணிப்போடறேன்."

வெளியே வந்து வாசித்தீர்கள். அன்றைக்கு நான் பாடினதுபோல் அதற்கு முன்பு பாடியதில்லை. முடிந்ததும் சும்மா இருந்தேனா? "இதையே மொதல்ல வெச்சிருந்தா என்னங்ணா?" என்றேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தீர்கள். மூன்று வாரத்தில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நடுவில் நாம் பேசவே இல்லை. நான்தான் கூப்பிடவில்லை, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அதனால்தான் அண்ணா அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. பாட்டுக்காக என்று ஓனரிடம் சொன்னது பாதிப் பொய்.

இரண்டு நாள் மல்லுக்கட்டியதில் ஒரு பெயர்ப்பட்டியலைக் கண்டுபிடித்தேன். நாம் போன ஊரையெல்லாம் பெயராக வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஊரிலும் பிடித்துவைத்த சத்தத்துக்கு அந்த ஊர்ப்பெயர். இங்கிலீஷில் எட்டு எழுத்துக்குமேல் கொள்ளாதாம், தாராபுரம் பாதியில் நிற்கிறது, தொண்டாமுத்தூர் அதற்கும் முன்பே செத்துவிட்டது. அன்னூர் மட்டும் முழுசாக இருக்கிறது. அதற்கு அடுத்து இங்கிலீஷ் எழுத்தில் "அம்மணி" என்று இருந்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். எழுந்த அவசரத்தில் கை திருகில் பட்டது. கண்ணாடியில் ஏதோ கேள்வி வந்தது, ஆமாவா இல்லையா என்று. நான் எதையோ அமுக்கினேன். எதை என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஜெனிபரை வரச்சொன்னேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சர்ச்சில் வாசிக்கிறவள். கிதாரை மாட்டி "அம்மணி"யைப் போட்டு வாசித்தாள். வறவற என்று வெறும் கம்பிச் சத்தம் வந்தது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தாள்.

"அக்கா, இதுல எல்லாமே ஆஃப்ல கெடக்குதுங்க. எக்கோ இல்ல, ஒன்னும் இல்ல. நீங்க ஏதாச்சும் அமுக்குனீங்களா?"

அமுக்கினேனே, கண்ணு. பாவி, அமுக்கினேனே. அப்போது இந்தப் பெட்டியின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி என்மேல் விழுந்தது. இருந்தவரைக்கும் மனுசனை வாயால் கொன்றேன், போனபிறகு மிச்சமிருந்ததைக் கட்டைவிரலால் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் மறைக்க மனசு வரவில்லை. காபி டம்ளரைத் தொடாமலே சொன்னேன், "அண்ணி, அவரு எனக்குன்னு வெச்சிருந்த சத்தத்த நான் அழிச்சுப்போட்டேனுங்க" என்று. அழுதுவிட்டேன்.

அண்ணி என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். நாற்பது நாளில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அழிக்கறதுக்கு அதுல என்னங்க இருந்துச்சு? அவரே சொல்லுவாரு. 'அம்மணிக்குக் காது சுத்தம். பொட்டி போடற சத்தம் அதுக்கு ஆகறதில்ல. பொட்டியவே நிறுத்துனா ஓனரு கத்துவாரு. அதான் எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு அம்மணி பேர்லயே ஒன்னு வெச்சிருக்கறேன். அதப் போட்டுட்டு வெறுங்கையிலயே வாசிச்சுப்போடுவேன்'னு."

டம்ளரைத் தள்ளிவைத்தேன். "அப்பறம் எதுக்குங்க அத்தன நேரம் குனிஞ்சு திருகிக்கிட்டு இருந்தாரு?"

"ஒடனே எந்திரிச்சா நீங்க நம்பமாட்டீங்கன்னுதானுங். ஒரு அமுக்குல வேல முடிஞ்சுபோகுமாம். அப்பறம் சும்மா குனிஞ்சுக்கிட்டு இருவது எண்ணுவாராம். எண்ணி முடிச்சுத்தான் எந்திரிப்பாராம்."

தொண்டாமுத்தூரில் பாடினேன். ஜெனிபர் கிதாரை நேராக ஸ்பீக்கரில் செருகிக்கொண்டாள், ஓனர் முறைத்தார், நான் திருப்பி முறைத்தேன். நன்றாகத்தான் வாசித்தாள். உங்கள் கை அது இல்லை, அவள் கை. இரண்டாவது வரியில் எனக்குக் குரல் தடுக்கியது, சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அதைக் கவனிக்கவில்லை.

பெட்டியை இன்னும் வெறுக்கிறேன், அண்ணா. அதில் மாற்றமில்லை. ஆனால் பதினோரு வருடம் நான் "இப்பத்தான் சரி" என்று பாராட்டியது உங்கள் கையை இல்லை, அதைத்தான். கேட்டுக்கொண்டு நின்றது நீங்கள். வாசிக்கறது பொட்டிதான் என்று தாராபுரத்தில் நான் குனிந்து சொன்னபோது, அந்தப் பெட்டி எல்லாம் அணைந்துதான் கிடந்திருக்கிறது. நீங்கள் துண்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எத்தனை வரைக்கும் எண்ணியிருந்தீர்கள் என்று தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டபிறகும் மிச்சத்தை எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள்.