படுக்க மறுத்த அத்தி

அக்டோபர் 20
இங்கே ஹீவாவில் உறைபனிக்குப் பயந்து எல்லார் வீட்டுத் திராட்சைக் கொடியையும் வளைத்து மண்ணுக்குள் படுக்கவைத்தாயிற்று. மாதுளையும் படுத்துவிட்டது. என் அத்தி மட்டும் நிற்கிறது. போன இரண்டு வருஷமும் குளிர் குறைவு என்று சோம்பல்பட்டு வைக்கோல் சுற்றியதோடு விட்டுவிட்டேன். இப்போது அடிமரம் என் தொடைக் கனம். வளையுமா?

மகன் ரோஸிம்பாய், "வளைஞ்சா மண்ணைப் போடுங்கப்பா. இல்லன்னா எப்படியும் பனியில செத்துரும், வெட்டிடலாம். அந்த இடத்துல காரை நிறுத்திக்கிறேன்" என்றான்.

அக்டோபர் 22
பக்கத்து வீட்டு மத்யாகூப்பும் நானும் கிளையில் தொங்கிப் பார்த்தோம்.
"அண்ணே, மரம் அசையல. உங்க இடுப்புதான் சத்தம் போடுது."
"உன் தொப்பையைக் கொண்டுபோய் கிளையில மாட்டுடா. தானா இறங்கும்."
இறங்கவில்லை.

அக்டோபர் 23
மரம் ஏன் வளையணும்? வேரோடு சாய்ந்தால் போதாதா? ஒரு பக்கம் தோண்டினேன். வேரைக் கீறினால் பால் வருகிறது. நக்கிப் பார்த்தேன். நாக்கெல்லாம் அரிப்பு.

ஷுகுர்ஜான் பார்த்துவிட்டாள். "எழுபத்திரண்டு வயசுல வேரை நக்குற ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கேன்."

அக்டோபர் 26
அந்தப் பக்கத்து வேரில் பாதியை அறுத்தேன். கயிறு கட்டி இழுத்ததில் ஒரு சாண் சாய்ந்தது.

அக்டோபர் 27
இன்னொரு சாண்.

அக்டோபர் 30
டொக்குன்னு ஒரு சத்தம். கிழவா, என்னடா பண்ணிட்டே — ஒடிச்சிட்டியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.
அடிமரத்தில் விரிசல். விரல் நுழைகிறது. உள்ளே ஈரம் இருக்கிறது. களிமண் அப்பித் துணி சுற்றினேன். மகனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 3
படுத்துவிட்டது. நாணல், வைக்கோல், மேலே மண். மூச்சுக்கு ஒரு துளை.
ரோஸிம்பாய் முறைத்தான். "காருக்குன்னு நான் கேட்ட இடம் முழுக்க அடைக்கிற மாதிரி பாத்து சாய்ச்சிருக்கீங்க."
"நானா சாய்ச்சேன்? அதுக்கு எங்க தூக்கம் வருதோ அங்க படுக்குது."

ஜனவரி 14
மைனஸ் இருபத்தொன்று. துளையை அடைக்கும் முன் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. மண்ணுடைய சூடா, மரத்துடைய சூடா? செத்த மரத்தின் பக்கத்திலும் இப்படித்தான் இருக்குமோ?

பிப்ரவரி 9
திறந்து பார்க்கக் கை அரிக்கிறது. ஷுகுர்ஜான் மண்வெட்டியை ஒளித்து வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2
திறந்தோம். நாணலை விலக்கியவன் ரோஸிம்பாய்தான். துணியை அவிழ்த்து விரிசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விரிசலுக்கு மேலே இரண்டு பச்சை மொட்டு.

நிமிர்த்தலாம் என்று கயிற்றை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான்.
"விடுங்கப்பா. இழுத்தா ஒடிஞ்சிரும். படுத்தே கிடக்கட்டும்."

சாயங்காலம் வரை கிளைக்குக் கிளை முட்டுக்கொடுக்கக் கவைக்கம்பு நட்டுக்கொண்டிருந்தான். கார் தெருவில் நிற்கிறது.