ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பூ

மச்சான்,

நேற்று குருபோங்கில் நம் பூவைப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு செடிக்கடை வந்திருக்கிறது. மருமகள் ரோஜாச் செடி வாங்கப் போனாள், துணைக்கு நானும் போனேன். வாசலிலேயே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் ரோஸும் வெள்ளையுமாக ஐந்து இதழைக் காட்டிக்கொண்டு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிற தோட்டத்து ஆட்கள் மாதிரி வரிசையாக நின்றது. குனிந்து ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தேன். அதே பச்சைக் கசப்பு வாடை. கம்பிவேலியும் லயத்து வரிசைவீடுகளின் பின்பக்கமும் குந்திக்கொண்டிருக்கும் நீயும் அப்படியே கண்முன் வந்துவிட்டீர்கள்.

கடைக்காரர் நம் ஆள்தான். என்னைப் பார்த்து, "அங்கிள், அது ஆப்பிரிக்கா பூ லா. தண்ணி ஊத்தலன்னாலும் கெடக்கும். ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னாதான் செத்துப்போகும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஊரு பூன்னீங்க?"

"ஆப்பிரிக்கா அங்கிள். அந்தப் பக்கம் மடகாஸ்கர்னு ஒரு தீவு இருக்கு. அங்க காட்டுல தானா மொளைக்குமாம்."

நான் சிரித்த சிரிப்பில் மருமகள் பயந்துபோனாள். கடையில் இருந்த ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி, நீ முறைக்காதே. எங்களையும் சேர்த்து ஐந்து பேர்.

"இவன் சொல்றதுல பாதியக் கழிச்சிடுங்க, மீதியில பாதிய நம்புங்க." எந்தச் சபையில் நான் வாயைத் திறந்தாலும் பின்னாலிருந்து இதைச் சொல்ல நீ இருந்தாய். இந்தக் கதையை நீ இருந்தவரை நான் ஒருமுறைகூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. இப்போது குறுக்கே பேச ஆளில்லை. எழுதிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் அந்த மூன்று வகுப்பையும் பிறர் ஏழு வகுப்பு படிப்பதைப்போல் படித்தவன்.

புலாவ் செபாங் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும் ஆங்காங்கே கிடந்த லயங்களைக் காலி செய்து, எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் முள்கம்பி கட்டினார்கள். காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, பால்வெட்டுக்குப் போகிற ஆள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் மடியை உதறிக் காட்டவேண்டும். வேலிக்கு உள்ளே இருந்த மரவள்ளியைப் பிடுங்கினார்கள், வாழையைச் சாய்த்தார்கள், செம்பருத்தி வேலியைக்கூட விடவில்லை. முழங்காலுக்கு மேல் ஒன்றும் வளரக் கூடாது, ஆள் ஒளிந்துகொள்வான் என்று உத்தரவு.

உன் அம்மா அதற்கு முந்தின வருடம்தான் இறந்திருந்தார். நாம் சுடுகாடு என்று சொன்னாலும் அங்கே புதைப்பதுதான் வழக்கம். அந்த இடம் இப்போது வேலிக்கு வெளியே போய்விட்டது. முள்கம்பி கட்டி முடித்த அன்று நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ வெளிய விட்டுட்டு நாம உள்ள வந்துட்டோம் மச்சான்" என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். நானாக இருந்தால் நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.

பால் வெட்ட நமக்கு விழுந்த மர நிரை சுடுகாட்டை ஒட்டி. ஒருநாள் பால் எடுத்து முடித்ததும் நீ அம்மாவின் மேட்டுக்குப் போனாய். சுடுகாட்டுப் பூ என்று எல்லோரும் ஒதுக்குகிற செடி அதன்மேல் மண்டிக் கிடந்தது. காய்ந்த காய்களை நெரித்து, கடுகைவிடப் பொடியான கறுப்பு விதைகளை உன் சுண்ணாம்பு டப்பாவில் கொட்டிக்கொண்டாய். வாசலில் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் டப்பாவைத் திறந்து, இது என்ன தானியம் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, மருந்து என்றேன். அவர் இரண்டு விதையை நாக்கில் வைத்து, கசப்பு தாங்காமல் துப்பி, போ போ என்று கையை ஆட்டிவிட்டார். என் பேச்சு அன்று உன் அம்மாவை உள்ளே கொண்டுவந்தது. இதில் பாதியைக் கழித்துக்கொள். கசப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

லயத்துக்குப் பின்னால், செம்பாறை வெந்து கிடந்த இடத்தில் நீ விதைத்தாய். அந்த வருடம் ரப்பர் மரம் இலை உதிர்த்த காலத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. குழாயடியில் வரிசையில் நின்று வாளித் தண்ணீர் பிடிக்க வேண்டும். உனக்குத் தெரியாமல் நான் என் பங்குத் தண்ணீரைத் தினமும் உன் செடிக்கு ஊற்றினேன். நட்புக்காகச் செய்தது. பத்து நாளில் ஐந்து செடி வேர் அழுகிச் சாய்ந்தது.

"தாகம்னு அது ஒங்கிட்ட கேட்டுச்சா?" என்றாய்.

"காஞ்சு கெடந்திச்சே மச்சான்."

"அது காயல. அப்படித்தான் இருக்கும். சும்மா விட்டாலே பொழைக்கிறதப் போயி கொன்னுட்டியே."

மீதி இருந்ததை நீ சும்மா விட்டாய். அது சும்மா இருக்கவில்லை. முழங்காலைத் தாண்டினால் பிடுங்கிவிடுவார்கள் என்று நீ வாரம் ஒருமுறை நுனியைக் கிள்ளுவாய். ஒடித்த இடத்தில் துளி பால் கசியும். "சத்தம் போடாத, தொரை பாத்தா இதையும் வெட்டச் சொல்லிடுவான்" என்பாய். கிள்ளக் கிள்ள அது பக்கத்தில் கிளைத்து, தரையோடு தரையாகப் பரவி, பூவாகக் கொட்டியது. ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். லயத்துப் பெண்கள்தான் சும்மா போகவில்லை. "வீட்டண்ட சுடுகாட்டுப் பூவ வச்சிருக்கான், இவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று காதில் விழும்படிப் பேசினார்கள். நீ பாட்டுக்கு நுனியைக் கிள்ளிக்கொண்டிருப்பாய்.

பெண்ணும் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள். அப்பன் இல்லாத பெண், தாய்மாமன்தான் எல்லாம். அவருக்கு அவளைத் தன் மகனுக்கே கட்டிவைக்க ஆசை. பெண் உன்னைத்தான் கட்டுவேன் என்று சொன்னதால் முகத்தைத் தூக்கிக்கொண்டு சம்மதித்தவர். பெண்வீட்டார் நம் வேலிக்குள் வர ஒரே ஒரு நாளைக்குத்தான் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். ஆறு மணிக்கு வாசல் மூடுவதற்குள் தாலி கட்டி, சாப்பிட்டு, அவர்கள் போயாக வேண்டும். முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. தவறினால் அடுத்த சீட்டு எப்போது என்று துரைக்கே தெரியாது.

அன்று காலை பெண்வீட்டு லாரி வந்து சேர்ந்த கையோடு தம்பின் டவுனுக்குப் போகும் சாலையைப் பட்டாளத்தார் தேடுதலுக்காக அடைத்துவிட்டார்கள். டவுனில் சொல்லிவைத்திருந்த பூமாலை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி போன் பேசிவிட்டு வந்து, மத்தியானம்வரை ஒரு வண்டியும் வராது என்றார்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மால இல்லாம கல்யாணமா? இது சாமி காட்டுற சகுனம். பொண்ண லாரில ஏத்துங்க."

வேலிக்குள் பூ என்று வேறு எதுவும் இல்லை. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். லயத்துப் பின்பக்கம் ஓடினோம். வாழைநார் ஏது, தையல் நூலையும் ஊசியையும் எடுத்தோம். அந்தப் பூவுக்குக் காம்பு கிடையாது, மெல்லிய குழல்தான். தொட்டாலே கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றாகக் குழலில் ஊசி நுழைத்துக் கோத்தோம். அரைமணி நேரத்தில் நான் இரண்டாயிரம் பூ கோத்தேன். நீ கழித்தபிறகும் ஐந்நூறு நிற்கும்.

மாலையைத் தட்டில் கொண்டுவந்ததும் தாய்மாமன் குனிந்து பார்த்தார். "இது என்னடா பூவு? சுடுகாட்டுல மொளைக்குமே, அதுமாதிரி இருக்கு."

மேளம் நின்றுவிட்டது. நான் முன்னால் போனேன்.

"அது வேற, இது வேற மாமா. இது ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வந்தது. தொரையோட அம்மா அனுப்பிச்சாங்க. அந்த ஊரு ராசா வீட்டுக் கல்யாணத்துக்கே இந்த மாலதான்."

"அப்ப ஏன்டா வாசன இல்ல?"

"கப்பல்ல வந்ததில்ல மாமா? உப்புக் காத்து அடிச்சுப் போயிருச்சு."

"ஆப்பிரிக்காவுலயும் மால போட்டுத்தான் கட்டுறானுங்களா?"

"அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க மாமா. ஒரு லயமே இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ராஜா வீட்டுப் பூவைத் திருப்பி அனுப்பிய ஆள் என்று பெயர் வாங்க அவருக்கு மனம் இல்லை. "சரி, வாசிங்கடா" என்றார். பத்தேகாலுக்கு மாலை மாற்றினீர்கள். நீ அவள் கழுத்தில் போடும்போது குனிந்து காதில் ஏதோ சொன்னாய். அவள் தலை நிமிராமல் இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டாள். நான் கோத்த அழகில் மயங்கிவிட்டாள் என்று அன்று நினைத்தேன். நாற்பது வருடமும் அப்படியே நினைத்தேன், ஊரெல்லாம் அப்படியே சொன்னேன். உன் கல்யாணத்தைக் கட்டிவைத்தது என் நாக்கு என்று உன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே சொல்லியிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டு, "பாதியக் கழிங்க" என்பாய். கழித்த பாதியில் என்ன இருந்தது என்று நீ சொன்னதில்லை.

பிறகு வேலி போனது, தோட்டமும் போனது. நீ புக்கிட் ரம்பாய்க்கு வந்தாய், நான் குருபோங்குக்கு. சுண்ணாம்பு டப்பாவிலிருந்து ஆளுக்குப் பாதி விதை. உன் வீட்டு வாசலில் தொட்டியில்லை, மண்ணில்லை, சிமெண்ட் வெடிப்பில் அது பூத்தது. இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்தபோது அதன் இலையை அவித்துக் குடித்து கிளினிக் டாக்டரிடம் திட்டு வாங்கினாய். பூவை மட்டும் தினமும் அம்மா படத்துக்கு வைத்தாய்.

உன் கருமாதி அன்று சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல நான் கப்பல் கதையை ஆரம்பித்தேன். பின்னாலிருந்து வழக்கமாக வரும் உன் குரல் வரவில்லை. நான் கதையை நடுவிலேயே நிறுத்திவிட்டேன். தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. எங்க தோட்டத்துச் சுடுகாட்டுலயும் இதான பூக்கும்."

"பின்ன ஏன் தங்கச்சி சும்மா இருந்த?"

"மாலய போடையில காதுல சொன்னாரு. 'இது எங்கம்மா மேல பூத்த பூ. வேணாம்னா கழட்டிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்'னு. எங்க மாமன் காதுல விழுந்திருந்தா அன்னிக்கே என்ன இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரு. அதுக்குத் துணிஞ்சு சொன்னாருல்ல. நான் பிடிச்சுக்கிட்டேன்."

மச்சான், நான் கூட்டத்துக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறாய். என் நாக்குக்குக் கிடைத்தது தாய்மாமனின் சம்மதம். அவளுடையதை நீதான் வாங்கினாய். உன் கருமாதி அன்றைக்கே நான் பாதியைக் கழித்துக்கொண்டேன், யாரும் சொல்லாமல்.

நேற்று கடையில் அந்தச் செடியை வாங்கவில்லை. நம் பூவை இன்னொருத்தரிடம் வாங்குவதா? வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, அந்தப் பூ நெசமாவே ஆப்பிரிக்காப் பூவாம். கப்பல்லதான் வந்திருக்குமாம்."

"பாதியக் கழிச்சிட்டுத்தான் சொல்றீங்களாண்ணே?" என்றாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது நேற்றுத்தான்.

உன் சுண்ணாம்பு டப்பாவை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். நடக்கும்போது உள்ளே விதை குலுங்கும். யாரிடமாவது ஏதாவது சொல்லத் தொடங்கும்போது கை தானாக அதைத் தொட்டுப் பார்க்கிறது. பிறகு ஐம்பது பேரை ஐந்து பேராக்கிச் சொல்கிறேன்.