சாக மறுத்த ராஜாவும் ஏழு கண்மாயும்

மாப்ள,

இன்று காலை அயர்ன் வண்டிக்காரர் என் வெள்ளைச் சட்டையோடு ஒரு சின்னப் பொட்டலத்தையும் நீட்டினார். "அண்ணே, பையில கெடந்துச்சு. நல்லவேள, பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி பாத்துட்டேன். என்னண்ணே இது, ராசிக்கல்லா? இம்புட்டுப் பெருசா இருக்கு?" பிரித்தால், உன் இருபது முகப் பகடை. போன மாதமாக இருந்தால், நவக்கிரகத்தையும் ஆட்டிவைக்கிற கல் இது, தொட்டவன் குடும்பம் ஏழு தலைமுறைக்குக் குபேரனாகும் என்று அளந்திருப்பேன். "ஆமா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உன்னோடு கடைசியாக ஆடிய அன்றும், உன்னை வழியனுப்பிய அன்றும் போட்டிருந்த சட்டை அது. சோப்பில் ஊறி, கொடியில் காய்ந்தும் பகடையில் ஓர் எண்கூட அழியவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவும் தோன்றவில்லை.

பகடை இருந்த விளையாட்டுப் பெட்டியை உன் மகள் கயல்தான் சென்னையிலிருந்து கொண்டுவந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு உலகத்தைக் கட்டி அதற்குள் அலைகிற விளையாட்டு. கோச்சடை வீட்டில் உன் மாடி அறை. சனிக்கிழமைதோறும் அவள் ஊருக்கு வந்துவிடுவாள், ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். நீ நடுவர். மழை, கொள்ளைக்காரன், பூதம் எல்லாம் உன் வாயில்தான். கயல் மந்திரக்காரி. டெய்லர் சலீம் பாய் திருடன். பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிற நான், முக்கடல் குடித்தான் என்ற மாமன்னன். அவன் கொட்டாவி விட்டால் மூன்று நாட்டுக் கூரை பறக்கும்.

அப்பேர்ப்பட்டவன் சுண்டெலி கடித்துச் செத்தான். தப்பிக்க மூன்று முறை உருட்டினேன். மூன்று முறையும் ஒன்று, இருப்பதிலேயே மோசமான எண். பாய் சிரித்த சிரிப்பில் மேசை விளக்கே ஆடியது. அப்போதுதான் கயல் கேட்டாள்: "அப்பா, இந்த உலகத்துல செத்தவங்க எங்க போவாங்க?"

நமக்குத் தெரியாது. விதிப் புத்தகத்தில் இருந்த பிரபஞ்சத்தை முதல் நாளே நீ தள்ளிவிட்டாய்: "இதெல்லாம் குளிர்நாட்டு வானம், நம்ம வெயிலுக்குத் தாங்காது." அதற்குப் பதில் ஒன்றை நாம் கட்டவே இல்லை. நீ யோசித்துவிட்டுப் பகடையை என்னிடம் நீட்டினாய். "உலகம் எப்பிடி அமைஞ்சிருக்குன்னு நீயே சொல்லு மாப்ள. எல்லாரும் ஒத்துக்கிட்டா பகடைய மேசையில வையி. அதுவரைக்கும் உன் ராஜா சாகல."

நாற்பது வருஷ சிநேகிதத்தில் நீ செய்த பெரிய தப்பு அதுதான். என்னிடம் போய் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா?

மூன்று மாதம் ராஜாவைச் சாகவிடாமல் பிரபஞ்சங்களாக அளந்து தள்ளினேன். வானம் முழுக்க சீரியல் பல்பு, ஆண்டவன் கையில் மெயின் சுவிட்ச் என்றேன். "கரண்டு போனா?" என்றாய். உலகம் முப்பதாயிரம் யானை சுமக்கிற தோசை என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும். மழை எங்கருந்து வருது? பெஞ்ச தண்ணி எங்க போகுது?" என்றாய். வேலையில் இருந்த காலமெல்லாம் ஏரியும் கண்மாயும் அளந்த ஓவர்சியரல்லவா, எந்தச் சொர்க்கத்தைக் காட்டினாலும் உனக்கு இந்தக் கேள்விதான். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி மாதிரி உலகமே ஒரு குழி, மேலே சாமிகள் வெடி வைப்பதுதான் இடி என்றபோது கயலுக்குக் கண் விரிந்தது. நீ மட்டும், "குழியில தண்ணி கட்டிக்கிரும் மாப்ள. அம்புட்டுப் பேரும் முங்கிச் செத்துருவாய்ங்க" என்றாய்.

"மொதல்ல ராஜாவ அடக்கம் பண்ணுங்கப்பா. மூணு மாசமாக் கெடக்காரு, வாடை தாங்கல" என்றார் பாய்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நீயே நோட்டில் வரைந்தாய். "ஏழு கண்மாய், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு உலகம். மேல நெறஞ்சா மறுகால் பாஞ்சு கீழ உள்ளதுக்கு வரும். செத்தவன் அந்தத் தண்ணியோட அடுத்ததுக்குப் போயிருவான்." மழையும் இருந்தது, வடிகாலும் இருந்தது. பாய் தலையாட்டினார், கயல் கைதட்டினாள். எனக்கும் தெரிந்தது, இதுதான் சரி. ஆனால் ஒத்துக்கொண்டால் என் ராஜா காலி. அதனால் கேட்டேன்: "ஏழாவது கண்மாய் நெறஞ்சா தண்ணி எங்க போகும்?"

பென்சிலைக் கடித்தாய். "அடுத்த வாரம் சொல்றேன், இருடா." பகடையைப் பையில் போட்டுக்கொண்டு, நீர்ப்பாசனத் துறையையே வென்றவன் போல மாடிப்படி இறங்கினேன்.

வியாழக்கிழமை நீ இல்லை.

உன் வாசலில் நானே பந்தல் போட்டேன். கால் நட்டேன், கயிறு இழுத்தேன், நாற்காலி விரித்தேன். வந்தவர்கள் நீ இறைவன் திருவடியில் இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நாற்காலிகளை நேராக்கினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பந்தல் பிரிக்க ஆட்கள்தான் வந்தார்கள்.

இன்று மத்தியானம் பகடையோடு உன் மாடிக்குப் போனேன். கயல் நாளை சென்னைக்குக் கிளம்புகிறாள். உன் நோட்டு மேசையில் திறந்திருந்தது. ஏழாவது கண்மாய்க்குக் கீழே ஒரு அம்புக்குறி. அதன்பின் வெறும் தாள்.

"மாமா, அப்பா வரஞ்சதையே வச்சுக்கலாமா? நீங்க சொன்னாத்தான் அவரு ஆட்டம் முடியும். இல்லேன்னா இப்பிடியேதான் கெடக்கும்."

எனக்கா ஏழாவது கண்மாய்க்குப் பதில் கிடைக்காது? லட்சம் அளந்திருப்பேன். கழுத்தில் அளவு டேப்போடு கடையிலிருந்து வந்திருந்த பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகடையை மேசையில் வைத்தேன்.

"வச்சுக்கம்மா."

"அப்ப ராஜா?"

"செத்துட்டான்."

"எப்ப மாமா? நோட்டுல எழுதணும்."

"எலி கடிச்ச அன்னிக்கே."

எழுதினாள். இரண்டாவது கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தான் என்றும் எழுதினாள். ஏழாவதுக்குக் கீழே என்ன எழுத என்று கேட்டதற்கு, அதை அப்படியே விடச் சொன்னேன். அது நீ சொல்ல வேண்டியது.

சாயங்காலம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பந்தல் சொர்க்கலோகம் மாதிரி இருக்கணும். எம்புட்டுச் சோடிச்சாலும் சரி."

மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தேன். இந்திரன் வந்து இடம் கேட்கிற மாதிரி கட்டித்தருகிறேன் என்பதுதான் என் வழக்கமான பதில்.

"கட்டிரலாம்ணே. பெஞ்சா தண்ணி எங்க போகும்?"

அவரும் வானத்தைப் பார்த்தார். நான் வாசலைச் சுற்றி நடந்து நீர்வாட்டம் பார்த்து, மேற்குப் பக்கம் ஒரு முழம் தாழ்த்திக் கட்ட ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.