எலி கடித்த குழாய்

சம்பந்தி,

காலையிலிருந்து என் விரல்களில் பீடி நாற்றம். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை என்று உங்களிடமே எத்தனை தடவை பெருமை பேசியிருக்கிறேன். என் முகத்துக்கு நேராகப் புகையை விட்டுவிட்டு, "தொடாதவுகளுக்குத்தான் எரிச்சல் சாஸ்தி" என்பீர்கள். இன்று நானே கடைக்குப் போய் உங்கள் பீடிக்கட்டைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. நாளை உங்களுக்கு முதல் வருசத் திதி. உங்கள் மருமகளான என் மகள் பேத்தியோடு ஒரு வாரமாக இங்கே இருக்கிறாள். இருவரையும் நான்தான் உங்கள் ஊர் பாலவனத்தத்துக்குக் கூட்டி வர வேண்டும். காலையில் எஞ்சினை ஓடவிட்டால் அதே பழைய சத்தம். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போல ஒரு ஸ்ஸ். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஏறுகிறது, இறங்குகிறது. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பெடல் இறங்கவில்லை. கல்.

அந்தக் கல்லை நான் மறக்கவில்லை. நீங்கள் மறக்கவிடவும் இல்லை.

பேத்திக்குக் காது குத்திவிட்டுத் திருச்சுழியிலிருந்து திரும்பிய நாள். மாப்பிள்ளை பைக்கில் முன்னால் போய்விட்டார். நீங்கள் என் பக்கத்தில். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகள் பின்னால். கண்மாய்க் கரை இறக்கத்தில் திரும்பினால் ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள். மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். அப்போதும் இறங்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, காரைச் சீமைக்கருவேலப் புதருக்குள் விட்டேன். முள் கண்ணாடியைக் கீற, கார் நின்றது. சக்கரத்துக்கும் ஒரு குட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

"கண்ணு பொடதியிலயா இருக்கு பெரியவரே?" என்றான் ஆட்டுக்காரன்.

நீங்கள் இறங்கிப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இனிமே எங்க வீட்டுப் பிள்ளைக இந்த வண்டியில ஏறாது." ஓர் ஆட்டுக்காரன் முன்னால். நான் பெற்று வளர்த்த பெண்ணை, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று. மூவரும் பஸ்ஸுக்கு நடந்து போனதை, முள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன்.

நான்கு மாதம் என் மகள் வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள் என்றாள். காட்டவில்லை. முப்பது வருடமாக நானே பிரித்து, நானே மாட்டிக் கற்றுக்கொண்ட வண்டி. அதை இன்னொருவன் கையில் கொடுத்து என்ன கேட்பது? எஞ்சின் எங்கோ களவாகக் காற்றை இழுக்கிறது என்று எனக்கே தெரியும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை மாற்றினேன். அதற்கும் கீழே உள்ளதை மாற்றினேன். எல்லா நட்டையும் முறுக்கினேன். ஸ்ஸ் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் தொடவில்லை. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய். எஞ்சின் அதன் வழியே உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் பிரேக் இலகுவாக இறங்கும். பழைய குழாய் இறுகிப்போனபோது, பருத்திக்கு மருந்தடிக்கிற பம்பின் குழாயை வெட்டி அங்கே மாட்டியவன் நான். அதன் பக்கம் என் கை போகவே இல்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். மகளும் அன்று வந்திருந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"பானட்டத் தொறங்க."

திறந்தேன். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று பீடியைப் பற்றவைத்தீர்கள்.

"பெட்ரோல் வண்டி சம்பந்தி. கொளுத்திப்புடாதீக."

"கொளுத்துனா ரெண்டு வீட்டுக்கும் நிம்மதிதான்."

விசிறிக் காற்று புகையைக் கலைக்காதபடி என்னை ஓர் அட்டையை மறித்துப் பிடிக்கச் சொன்னீர்கள். என் பயம் நெருப்புக்காக மட்டுமல்ல. "கெணத்து மோட்டாரு தண்ணி எடுக்கலைன்னா சக்‌ஷன் பைப்புல எங்க காத்து வாங்குதுன்னு இப்பிடித்தான் பாப்போம். தள்ளுற பைப்புல ஓட்டைன்னா ஒழுகிக் காட்டிக்குடுத்துரும். இழுக்குற பைப்புல ஓட்டை சத்தங்காட்டாம ஒளிஞ்சுக்கிரும்" என்றீர்கள். கார்புரேட்டர் அருகில் புகை நேராக எழுந்தது. அந்தக் குழாயின் அடிவயிற்றுக்கு வந்ததும் வளைந்து, நூல் போல இழுபட்டு உள்ளே போயிற்று. குழாயை மடக்கி நசுக்கினீர்கள். எஞ்சின் அடங்கியது.

அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றித் திருப்பினீர்கள். சூட்டில் இளகி வெடித்திருந்தது. வெடிப்புக்குப் பக்கத்தில் மருந்து பம்பின் பெயர் அச்சாக இருந்தது. அதைப் படித்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

"என்ன மாமா ஆச்சு?"

அச்சின்மேல் கட்டை விரலை வைத்து மூடிக்கொண்டீர்கள். "எலி கடிச்சிருக்கும்மா. எலிக்கு உங்கப்பா என்ன செய்வாரு?"

அருப்புக்கோட்டையில் சரியான குழாய் வாங்கி வந்து மாட்டினேன். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையை நீட்டித் தடுத்தீர்கள். "மொதல்ல நான் ஏறுறேன். நான் உசுரோட எறங்குனா பெறகு பிள்ளைக ஏறட்டும்." அதே கண்மாய்க் கரை இறக்கத்துக்குப் போனோம். மிதித்தேன். நின்றது. உங்கள் பீடிச் சாம்பல்கூட உதிரவில்லை. "ம்" என்றீர்கள்.

நான் நன்றி சொல்லவில்லை. ஆட்டுக்காரன் முன்னால் சொன்ன சொல் குறுக்கே நின்றது. நீங்கள் போகும்வரை நின்றது.

இன்று பீடியைப் பற்றவைத்ததும் இருமல் பிடுங்கியது. திதிக்கு முறையாக அழைக்க பைக்கில் வந்த மாப்பிள்ளைதான் அட்டையைப் பிடித்தார். புகை அதே குழாயில் வளைந்தது. கழற்றிப் பார்த்தால் நான்கு பல் தடம். சத்தியமாக எலி.

"மாமா வீட்டு எலிக்கு இந்தக் கொழாய்தான் பிடிக்கும்போல. அன்னைக்கும் அதான" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

பேசாமல் இருந்திருக்கலாம். "அன்னைக்கு எலி இல்ல மாப்ள. மருந்தடிக்கிற கொழாய மாட்டுனது நான். உங்கப்பாவுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் அட்டையைக் கீழே வைத்தார். "கடைசி வரைக்கும் எலின்னுதான் அப்பா சொன்னாரு, மாமா. ஆசுபத்திரியில படுத்திருக்கும்போதுகூட, சம்பந்தி வீட்டுக்கு ஒரு எலிப்பொறி வாங்கிக் குடுறான்னாரு."

புதுக் குழாய் மாட்டியாயிற்று. மாப்பிள்ளை ஏறப் பார்த்தார், விடவில்லை. தனியாகக் கண்மாய்க் கரைக்குப் போய் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்று நீங்கள் முதலில் ஏறிய நாளிலிருந்தே அப்படித்தான். எந்த நட்டைத் தொட்டாலும் முதலில் நான் ஏறிப் போய் வந்த பிறகே மற்றவர்கள். அந்தப் பழக்கம் உங்களுடையது. ஆட்டுக்காரன் முன்னால் சொன்னதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாளை பிள்ளைகளோடு வருகிறேன். படையலில் உங்கள் பீடிக்கட்டு இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். எலி கொண்டுபோய்விட்டது.