இசக்கியின் மூச்சு அளவு

நாள் 112, காலை 6.00
நிலவின் தென்துருவ ஆய்வுக்கூடம். எழுதுபவர் தெக்லா இராயப்பன், நுண்ணுயிரியலாளர், வயது எழுபத்தொன்று. இங்கே நான் ஒருத்தி. முப்பது கிலோமீட்டர் தள்ளி, பனிச் சுரங்கத்தில் மெக்கானிக் இசக்கிமுத்து ஒருவன். ஆளேறும் ஊர்தி பழுது. பொருள் கொண்டுபோகும் தானியங்கி வண்டி மட்டும் ஓடுகிறது.

சுரங்க அறைச் சுவரெல்லாம் பூஞ்சை. அவனுக்கு ஒவ்வாமை ஆஸ்துமா. இன்ஹேலர் தீரப்போகிறது. மருந்துக் கப்பல் வர இன்னும் இருபத்தைந்து நாள்.

கொல்லப்பட்ட பாக்டீரியாக்களைக் கொண்டு தடுப்பு மருந்து தயாரித்து அனுப்பினேன். நாக்கின் அடியில் தினம் இரண்டு சொட்டு. பூஞ்சையைக் கண்டு மிரளும் உடலை அது பழக்கக்கூடும். உறுதியில்லை.

நாள் 115, காலை 7.10
ஊதுகருவியில் மூச்சு அளவு 240 என்றான். நேற்று 260. ஒழுங்காக ஊதவில்லை என்று கடிந்துகொண்டு, நிமிர்ந்து நின்று மறுபடி ஊதச் சொன்னேன். மூன்றாம் முறை 270. பதிந்தேன்.

சுரங்கம்: "டீச்சரம்மா, பெரம்பு அங்கதான இருக்கு? இங்க எட்டாதுல்லா."

நான் ஆசிரியை அல்ல என்று பதில் அனுப்பினேன்.

நாள் 119, காலை 7.05
நான்கு நாளாக 280, 290, 300, 310. அழகான ஏற்றம். பின்னால் இரைப்பு கேட்கிறதே என்றேன். பம்பு சத்தம் என்றான்.

தலைமையகம்: "அவருக்கு அவசரமில்லையென்றால் கப்பலை முதலில் மேற்கு நிலையத்துக்கு அனுப்பலாமா? இருபது நாள் தாமதமாகும்."

அனுப்பலாம் என்றேன். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை.

நாள் 126, பகல் 1.20
யாருடைய மூச்சும் தினம் பத்துப் பத்தாக ஏறாது. இன்றுதான் உறைத்தது. உண்மை எண்ணைக் கேட்டேன்.

சுரங்கம்: "நூத்திப்பத்தும்மா. கொறஞ்சா நீங்க... ஒத்துக்க மாட்டீய. ஒங்க மருந்து தோத்துரக் கூடாதுன்னு... இன்ஹேலர் முந்தாநாளே தீந்துட்டு."

கப்பலால் இனித் திரும்ப முடியாது. மருந்து வேலை செய்ததா? தெரியாது. என்னிடம் இருப்பது பதினொரு நாள் பொய். கேட்டு வாங்கியவள் நான்.

பகல் 1.50
மூச்சுக்குழாயைத் திறக்க என்னிடமிருந்த ஒரே அட்ரினலின் ஊசியை வண்டியில் அனுப்பிவிட்டேன். போய்ச்சேர ஐந்து மணி நேரம்.

மாலை 4.30
சுரங்கம்: "என்னால... பேச முடியல. நீங்க பேசுங்க."

பேசினேன். என் கணவர் இராயப்பன் சாகக் கிடந்தபோதுகூட நான் இவ்வளவு பேசியதில்லை.

மாலை 6.52
வண்டி அவன் கதவருகே நிற்கிறது. பெட்டியைத் திறந்தால் இங்கே விளக்கு எரியும்.

7.15
எரியவில்லை.

7.40
இசக்கி, நிமிர வேண்டாம். படுத்தபடியே ஊது. எது வந்தாலும் எழுதிக்கொள்கிறேன். மறுபடி ஊதச் சொல்ல மாட்டேன். ஒரு எண் மட்டும்